மேக்கன் கோழி டென்வரில் சரியாக வராவிட்டால்: எங்கே பிசகுகிறது, என்ன செய்யலாம்

ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் ஊரில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே பொரித்த கோழியைத் தேடி யாரும் அலைவதில்லை. பெட்ரோல் பங்க் கடையில்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக இருக்கும், அதுவே நன்றாக இருக்கும். ஞாயிறு மதியம் சர்ச் விட்டதும் குடும்பம் குடும்பமாக நல்ல உடுப்போடு வரிசையில் நிற்பார்கள். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

பிறகு வேலை டென்வருக்கு மாறியது. வந்த மூன்றாவது வாரமே நாக்கு கேட்க ஆரம்பித்துவிட்டது. தென்மாநிலச் சமையல் என்று பலகை வைத்த ஒரு கடையில் வாங்கிப் பார்த்தேன். மேலே தடித்த ஓடு, உள்ளே உப்பே ஏறாத நெஞ்சுக்கறி. அன்றைக்கே வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். முதல் ஏழெட்டு தடவை ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று பிசகியது. பிசகினதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டே வந்தேன். சியாட்டிலிலோ மினியாபொலிஸிலோ இதே ஏக்கத்தோடு இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதைத் தொகுக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரைவிட்டு வந்தவர்கள் மொறுமொறுப்பைத்தான் துரத்துகிறார்கள், நானும் துரத்தினேன். அந்தக் கோழியின் ருசியில் பெரும்பங்கு இறைச்சிக்குள் ஏறிய உப்பிலும், பொரிக்கிற கொழுப்பிலும், பொறுமையிலும் இருக்கிறது. கீழே இருக்கும் கோளாறுகளில் பாதி, இந்த மூன்றில் ஒன்றை நாம் அவசரப்பட்டுக் குறைத்ததால் வருவதுதான்.

நான் செய்கிற முறை

ஒன்றரை கிலோவுக்கு மேல் போகாத கோழி, தோலோடு. கால் இரண்டு, தொடை இரண்டு, இறக்கை இரண்டு, நெஞ்சு நாலு என்று பத்துத் துண்டு. முந்தின இரவே அரை லிட்டர் பட்டர்மில்க்கில் (நம் மோர் இல்லை, கீழே சொல்கிறேன்) 25 கிராம் உப்பைக் கரைத்துத் துண்டுகளை ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். மறுநாள் மூன்று கப் மைதாவில் ஒரு மேசைக்கரண்டி மிளகுத்தூள், ஒன்றரை தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி பாப்ரிகா (காரம் குறைந்த மிளகாய்த்தூள்) கலந்து, துண்டுகளைப் புரட்டி அரை மணி நேரம் வைத்துவிடுகிறேன். கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் துண்டின் பாதி உயரத்துக்கு மட்டும் எண்ணெய். தோல்பக்கம் கீழே. முதல் ஏழெட்டு நிமிடம் மூடி போட்டு, அப்புறம் திறந்து, திருப்பித் திருப்பி மொத்தம் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம்.

இனி கோளாறுகள்.

வெளியே கருகிவிட்டது, எலும்பருகே பச்சையாக இருக்கிறது

என்னை அதிக நாள் அலைக்கழித்தது இதுதான். மேக்கனில் பக்கத்து வீட்டு அம்மா கற்றுக்கொடுத்த அதே முறை, அதே சட்டி, அதே சூடு. அங்கே பொன்னிறமாக வந்தது இங்கே பத்தாவது நிமிடத்திலேயே காப்பிப்பொடி நிறத்துக்குப் போனது. வெட்டிப் பார்த்தால் உள்ளே வேகவில்லை.

முதலில் கோழியின் எடையைப் பாருங்கள். சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு கிலோவைத் தாண்டிய கோழி சாதாரணமாகக் கிடைக்கிறது. அதன் தொடை வேகிற நேரத்துக்குள் மேல்மாவு எரிந்துவிடும். சின்னக் கோழி கிடைக்காவிட்டால் நெஞ்சை ஆறு துண்டாக வெட்டுங்கள், தொடையின் உள்பக்கம் எலும்பையொட்டி ஒரு கீறல் போடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு சட்டியில் போடவும் கூடாது. மாவில் புரட்டி வைக்கிற அந்த அரை மணி நேரத்தில் குளிர் கொஞ்சம் விட்டுவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் கருகினால், நீங்கள் இருக்கும் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. கோழி பொரிவது என்பதே அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதுதான். உயரத்தில் அந்த ஈரம் சீக்கிரமாகவும், குறைந்த சூட்டிலும் போய்விடுகிறது. மேல்புறம் சீக்கிரம் காய்ந்து சிவந்துவிடும், உள்ளே வேகும் வேகமோ குறைவு. இதற்குப் பரிகாரம் எண்ணெயின் சூட்டைக் குறைப்பது. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 3 டிகிரி பாரன்ஹீட் குறைக்க வேண்டும் என்பது மலைப்பகுதிச் சமையலில் உள்ள கணக்கு. டென்வருக்கு அது சுமார் 16 டிகிரி. மேக்கனில் 340 டிகிரி பாரன்ஹீட்டில் பொரித்ததை இங்கே 325-க்குக் கொண்டுவந்தேன், நேரத்தை ஐந்து நிமிடம் கூட்டினேன். அன்றைக்குத்தான் இந்த ஊரில் முதல்தடவையாகத் தொடை எலும்பைவிட்டு வழுக்கி வந்தது.

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். உள்சூடு 165 டிகிரி பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் வந்தால் எந்தத் துண்டையும் பயமில்லாமல் சாப்பிடலாம். ஆனால் காலும் தொடையும் 180 டிகிரி பாரன்ஹீட் வரை போனால்தான் நரம்பும் சவ்வும் இளகி ருசிக்கும். அதனால் நெஞ்சையும் தொடையையும் ஒரே சமயத்தில் எடுக்காதீர்கள்.

வெந்துவிட்டது, ஆனால் எலும்போரம் சிவப்பாக இருக்கிறது

தெர்மாமீட்டர் 74 காட்டினால் விட்டுவிடுங்கள். இளங்கோழியின் எலும்பு இன்னும் முற்றாமல் துளையோடு இருக்கும். மஜ்ஜையின் நிறம் அதன் வழியாகக் கசிந்து பக்கத்துச் சதையைச் சிவப்பாக்கிவிடும். உறைய வைத்து எடுத்த கோழியில் இது இன்னும் அதிகம்.

மேல்மாவு கழன்று எண்ணெயில் மிதக்கிறது

பட்டர்மில்க்கிலிருந்து எடுத்ததும் சொட்டச் சொட்ட மாவில் போட்டால் உள்ளே ஒரு கஞ்சிப்படலம் உண்டாகும். சூட்டில் அது ஆவியாகி மாவைத் தள்ளிவிடும். துண்டைத் தூக்கிப் பிடித்து வடியவிட்டு, மாவுக்குள் வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். பிறகு கம்பித் தட்டில் அரை மணி நேரம். மாவு ஈரத்தை இழுத்துத் திட்டுத் திட்டாக நனைந்தது போலத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஒட்டும். சட்டியில் போடும் முன் இன்னொரு முறை லேசாக மாவில் தட்டி எடுங்கள்.

சட்டியில் போட்ட பிறகு ஐந்து நிமிடம் தொடவே தொடாதீர்கள். திருப்ப இடுக்கி போதும். முள்கரண்டியால் குத்தினால் குத்திய இடத்தில் சாறும் போகும், மாவும் போகும்.

எண்ணெய் குடித்துவிட்டது

சட்டியில் துண்டுகள் நெருக்கமாக இருந்ததா? ஒரு துண்டு போட்டாலே சூடு இறங்கும், ஆறு துண்டு போட்டால் தடாலென்று இறங்கும். முப்பது சென்டிமீட்டர் சட்டிக்கு ஐந்து துண்டு, அதற்கு மேல் வேண்டாம். மின்சார அடுப்பாக இருந்தால் நாலு. சூடு ஏறி வர அதற்கு அதிக நேரம் பிடிக்கிறது. வார்ப்பிரும்பு கனமாக இருப்பதன் பலனும் இங்கேதான் தெரியும், தன்னிடம் இருக்கும் சூட்டை அது சட்டென்று விடாது. டென்னசி மாநிலத்தில் லாட்ஜ் நிறுவனம் 1896-லிருந்து இந்தச் சட்டிகளை வார்க்கிறது. அங்கே பல வீடுகளில் பாட்டி காலத்துச் சட்டி இன்னும் அடுப்பில் இருக்கும்.

இன்னொரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பொரியும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் உள்ளே போக முடிவதில்லை. வெளியே எடுத்துச் சூடு ஆறும்போதுதான் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை மாவு உறிஞ்சிக்கொள்கிறது. எனவே சட்டிக்கு மேலேயே நாலைந்து விநாடி பிடித்து வடியவிட்டு, உடனே கம்பித் தட்டில் வையுங்கள்.

பத்து நிமிடத்தில் நமுத்துப்போகிறது

டிஷ்யூ பேப்பர் மேல் அடுக்கினீர்களா, மூடி வைத்தீர்களா? இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். கீழே காற்றுப் போகிற கம்பித் தட்டில் ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். அடுத்த ஈடு முடியும்வரை 200 டிகிரி பாரன்ஹீட் ஓவனில் வைக்கலாம். மைதாவில் ஐந்தில் ஒரு பங்கு கார்ன்ஃப்ளார் கலந்தால் மொறுமொறுப்பு இன்னும் நீடிக்கும். அந்த அம்மா இதை ஒப்புக்கொள்ளமாட்டார். எனக்கு இது தேவைப்படுகிறது.

மேலே உப்பு, உள்ளே சப்பென்று இருக்கிறது

ஊறவைக்காமல் செய்தால் வேறு எப்படியும் வராது. உப்பு சதைக்குள் இறங்க நேரம் வேண்டும். இரண்டு மணி நேரம் போதாது, ஓர் இரவு வேண்டும்.

பட்டர்மில்க் என்றதும் நம் மோர் என்று நினைத்து இந்தியக் கடையில் பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து பெருங்காய வாசனையோடு ஒரு கோழியைப் பொரித்தேன். அமெரிக்காவில் பட்டர்மில்க் என்று விற்பது பாலில் உறை ஊற்றிப் புளிக்க வைத்தது, கெட்டியாகத் தோசை மாவு போல விழும். அது இல்லையென்றால் புளித்த கெட்டித் தயிரில் கொஞ்சம் பால் விட்டுக் கடைந்துகொள்ளலாம், நன்றாகவே வருகிறது.

உப்பு கரிக்கிறது, சதை ரப்பர் போல இருக்கிறது

கோழிப் பாக்கெட்டில் சின்ன எழுத்தைப் படியுங்கள். உப்புக் கரைசல் ஏற்றியது என்று சதவீதத்தோடு அச்சிட்டிருந்தால் அது ஏற்கெனவே உப்பில் ஊறிய கோழி. அதற்கு உப்பு போடாத பட்டர்மில்க் போதும். முடிந்தால் அந்தக் கோழியே வேண்டாம்.

நேரம் இல்லை, குக்கரில் பொரிக்கலாமா

கூடாது. கென்டக்கியின் கார்பினில் சாலையோர உணவகம் வைத்திருந்த, பிற்பாடு கே.எஃப்.சி.யைத் தொடங்கிய ஹார்லண்ட் சாண்டர்ஸ், 1939-ல் பிரஷர் குக்கரை வைத்துப் பொரிக்க ஆரம்பித்துத்தான் அரை மணி நேர வேலையைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவந்தார். அது பிற்பாடு அதற்கென்றே செய்த கருவியானது. நம் வீட்டுக் குக்கரின் ரப்பர் வளையமும் வெயிட்டும் நீராவிக்கானவை, கொதிக்கும் எண்ணெய்க்கானவை அல்ல. வெடித்தால் முகமும் கையும் போய்விடும். அடுப்பில் எண்ணெய் தீப்பிடித்தாலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துச் சட்டியை மூடியால் மூடுங்கள். மூடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நன்றாக இருக்கிறது, ஆனால் நம்ம ஊர் வறுவல் போல இருக்கிறது

தமிழ்க் கைக்கு வரும் கோளாறு இது. கோழியைப் பார்த்ததும் இஞ்சி பூண்டு விழுதுக்குக் கை தானாகப் போகும். மஞ்சள், மிளகாய்த்தூள், சிட்டிகை கரம் மசாலா என்று சேர்ந்துவிடும். வந்தது நல்ல கோழிதான், ஆனால் நீங்கள் ஏங்கியது அதற்கில்லை.

வர்ஜீனியாவைச் சேர்ந்த மேரி ராண்டால்ஃப் 1824-ல் தன் சமையல் புத்தகத்தில் அச்சிட்ட குறிப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கோழி, மாவு, உப்பு, பன்றிக் கொழுப்பு, அவ்வளவுதான். இன்றைக்கும் பல வீடுகளில் இதோடு கூடுவது மிளகும், கொஞ்சம் கேயேன் மிளகாய்த்தூளும்தான். மசாலா இல்லாத இடத்தில் ருசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கொழுப்பிலிருந்துதான். வர்ஜீனியாவின் ஃப்ரீடவுன் என்ற ஊரில் 1916-ல் பிறந்த எட்னா லூயிஸ், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் உருவாக்கிய அந்த ஊரின் சமையலை நாடறியச் செய்தவர். அவர் முறையில் கோழி முதலில் உப்புத் தண்ணீரில் ஊறும், பிறகு பட்டர்மில்க்கில் ஊறும். பொரிப்பது பன்றிக் கொழுப்பில். அதில் வெண்ணெயும், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை ஒரு துண்டும் விழும். நான் ஒருமுறை அப்படியே செய்து பார்த்தேன். முதல் கடியில் கொஞ்ச நேரம் பேசவே தோன்றவில்லை.

பன்றி சாப்பிடாதவர்களுக்குக் கடலை எண்ணெய் இருக்கிறது. அது சமாளிப்பு இல்லை. அமெரிக்காவில் அதிகம் நிலக்கடலை விளைவதே ஜார்ஜியாவில்தான், அந்த எண்ணெயில் பொரிப்பதும் அங்கே வழக்கம்தான். ஆனால் சுத்திகரித்த எண்ணெயாக இருக்கட்டும். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும், அதன் வாசனையும் கோழியை அடக்கிவிடும். நாலு மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, அடியில் படிகிற பால்கசண்டை நீக்கிவிட்டுச் சேருங்கள். நம் வீட்டு நெய்யே போதும், ஆனால் இரண்டு கரண்டிக்கு மேல் போனால் பிரியாணி வாசனை வந்துவிடும்.

மிளகு புதிதாக இடித்ததாக இருக்கட்டும். இந்தக் கோழியில் முக்கியமான மசாலா அதுதான்.

காரம் போதவில்லை

மாவில் மிளகாய்த்தூளைக் கூட்டினால் அது எண்ணெயில் கருகிக் கசக்கும். காரத்துக்கு டென்னசியின் நாஷ்வில் நகரம் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அங்கே பிரின்ஸ் குடும்பத்தின் கடை 1930-களிலிருந்து இதற்குப் பேர் போனது. தார்ண்டன் பிரின்ஸ் இரவெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வந்ததற்குத் தண்டனையாக அவர் காதலி கோழியில் மிளகாயை அள்ளிக் கொட்டினார் என்றும், அவருக்கு அது பிடித்துப்போய்க் கடையே வைத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். காரம் பொரித்த பிறகுதான் சேர்கிறது. இரண்டு மேசைக்கரண்டி கேயேன் தூள், ஒரு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் பூண்டுப்பொடி, உப்பு. அதன்மேல் பொரித்த எண்ணெயில் கால் கப்பைச் சூடாக ஊற்றிக் குழைத்துக் கோழிமேல் பூசுங்கள். கீழே வெள்ளை பிரெட், மேலே ஊறுகாய் வெள்ளரி. எண்ணெயும் காரமும் ஊறிய அந்த பிரெட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக வந்துவிட்டது, ஏக்கம் மட்டும் தீரவில்லை

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது இது தெரியும். உப்பு சரி, மொறுமொறுப்பு சரி. ஆனாலும் ஏதோ ஒன்று வரவில்லை.

பக்கத்தில் என்ன வைத்தீர்கள் என்று பாருங்கள். சோற்றோடு சாப்பிட்டால் அது வேறு சாப்பாடு. நன்றாக வேகவிட்ட காலர்ட் கீரை, அதன் கசப்புச் சாறு, வினிகரில் ஊறிய மிளகாய், சர்க்கரை தூக்கலான ஐஸ் டீ, வெண்ணெய் மணக்கும் பிஸ்கட். அந்த பிஸ்கட் நம் டீக்கடை பிஸ்கட் இல்லை, மெத்தென்று உப்பி வருவது. அதற்கு மட்டும் மாவு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தென்மாநிலங்களில் வொயிட் லில்லி மாதிரியான மென்கோதுமை மாவில் செய்வார்கள், சாதாரண மாவில் கெட்டியாகிவிடுகிறது. மிச்சமான கோழியை மறுநாள் சூடாக்காமல் குளிர்ந்தபடியே சாப்பிட்டுப் பாருங்கள். எனக்கு இப்போது அதுதான் அதிகம் பிடிக்கிறது.

அப்புறம், இதே ஏக்கத்தோடு உங்களுக்கு முன்னாலேயே ஊரைவிட்டு வந்தவர்களைத் தேடிப் போங்கள். 1910-லிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களைவிட்டு வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். உணவகங்களும் ரயிலின் சாப்பாட்டுப் பெட்டிகளும் அவர்களை உள்ளே விடாத காலம் அது. பொரித்த கோழியைக் காலணி வாங்கிய அட்டைப்பெட்டியில் காகிதம் விரித்துக் கட்டி எடுத்துக்கொண்டு பயணம் செய்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தில் வர்ஜீனியாவின் கார்டன்ஸ்வில் ரயில் நிலையத்தில் கறுப்பினப் பெண்கள் தட்டுகளைத் தலையில் சுமந்து, ஜன்னல் வழியே பயணிகளுக்குக் கோழி விற்றுப் பிழைத்தார்கள். இந்தக் கோழி எங்கெல்லாம் போயிருக்கிறதோ, அவர்கள் கைகளால்தான் போயிருக்கிறது. சிகாகோவின் தெற்குப்பகுதியிலும் நியூயார்க்கின் ஹார்லெமிலும் அது இன்னும் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். டென்வரில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பகுதி, மேற்கின் ஹார்லெம் என்று ஒரு காலத்தில் பேர் வாங்கியது. பெரிய பலகைக் கடைகளை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போங்கள், சர்ச் விருந்து அறிவித்திருந்தால் தயங்காமல் போய் டிக்கெட் வாங்குங்கள். டென்வருக்கு வந்து ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு இது தோன்றியது. அந்த ஒரு வருடத்தை வீணாக்கியதில் வருத்தம் உண்டு.

வீட்டில் செய்தால் ஒரு கோழி செய்யாதீர்கள், இரண்டு செய்யுங்கள். தனியாகச் சாப்பிட இது தோதான சாப்பாடு இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேக்கனின் அந்த அம்மாவுக்குச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போன் செய்தேன். அவர் ஒருநாளும் தெர்மாமீட்டர் வைத்ததில்லை, காதால் கேட்டுத்தான் எடுப்பார். ஈரம் நிறைய இருக்கும்போது எண்ணெய் மழை போலக் கத்தும், ஈரம் போகப்போகச் சத்தம் அடங்கிச் சடசடவென்று தனித்தனியாகக் கேட்கும், அதுதான் பதம். போனை அடுப்புப் பக்கம் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

"இன்னும் இல்லை, பேபி," என்றார். "இன்னொரு நாலு நிமிடம் விடு."

"சரி, மேம்," என்று சொல்லிவிட்டு மூடியைக் கையில் வைத்தபடி நின்றேன்.